மூக்கைக் கழுவிக்கொண்டு வந்த அம்மா

நான் பார்க்கும் வேலையை உறவுக்காரர்களுக்கு விளக்குவதை எப்போதோ விட்டுவிட்டேன். தஞ்சாவூரில் காது மூக்கு தொண்டை டாக்டர் ஒருவரின் கிளினிக்கில், மாடியில் இருக்கும் சின்ன லேபில் நான் டெக்னீஷியன். ரத்தம் எடுக்கிறேன் என்றால் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். மூக்குச்சளியை மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்ப்பதும் என் வேலைதான் என்று சொன்னால் அவர்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். என்னைப் பெண் பார்க்க வந்தவரின் அத்தை, இதற்காகவா இவ்வளவு படித்தாய் என்று கேட்டார். ஆமாம், இதற்குத்தான் படித்தேன் என்றேன். அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று. போனது நல்லதுதான்.

சளியில் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு தடவை என் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைக்கக் கொடுக்கலாம் என்று தோன்றும். மூக்கின் உட்சுவரைப் பஞ்சு சுற்றிய குச்சியால் மெல்ல வழித்து, கண்ணாடித் துண்டில் தடவி, காயவைத்து, சாயம் ஊற்றிக் கழுவிவிட்டுப் பார்த்தால், அந்த மூக்குக்குள் என்ன சண்டை நடக்கிறது என்று தெரிந்துவிடும். கிருமி புகுந்து வந்த சளியாக இருந்தால் ஒரு வகை வெள்ளணு மொய்த்துக் கிடக்கும். அதன் நடுவில் இருக்கும் கரு பல துண்டாகக் கிள்ளிப் போட்டதுபோல் இருக்கும். ஒவ்வாமையாக இருந்தால் வருவது இன்னொரு அணு. இயோசினோஃபில் என்று பெயர். அதன் கரு இரண்டாகப் பிரிந்து மூக்குக்கண்ணாடி மாதிரி தெரியும். அதைச் சுற்றிச் செம்மஞ்சள் நிறத்தில் பொடிப்பொடியாக நிறைந்திருக்கும். அது கூட்டமாக இருந்தால் இந்தச் சளி கிருமியால் வந்ததில்லை, உடம்புக்கு ஏதோ ஒன்று ஆகவில்லை என்று டாக்டர் சந்தேகப்படுவார். அந்த ஏதோ ஒன்று எது என்று ஸ்லைடு சொல்லாது. தூசியா, பூனையா, பூஞ்சையா என்று கண்டுபிடிக்கத் தோலில் மருந்தைத் தொட்டுக் குத்திப் பார்க்கும் வேறு பரிசோதனை இருக்கிறது.

எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு இதைச் செய்வதில் ஒரு தொல்லை உண்டு. சளி ஒழுகும்போது வாருங்கள், சிந்தாதீர்கள், கழுவாதீர்கள் என்று கீழே ரிசப்ஷனில் படித்துப் படித்துச் சொல்லி அனுப்புவோம். தலையை ஆட்டிவிட்டுப் போவார்கள். மறுபடி வரும்போது தலைக்குக் குளித்து, திருநீறு பூசி, மூக்கைச் சுத்தமாகச் சிந்திவிட்டு வந்து நிற்பார்கள். பரிசோதனை என்றாலே வெறும் வயிறு என்று நினைத்துப் பட்டினியாக வந்து மயங்கி விழுந்தவர்கள் உண்டு. கூத்தாநல்லூர் ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் மூக்கின் ஓரத்தில் அத்தர் தடவிக்கொண்டு வந்தார். குச்சியை உள்ளே விடுவதற்குள் எனக்குத் தும்மல் வந்துவிட்டது. டாக்டரிடம் போகிறோம், மரியாதையாகப் போக வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. எனக்குக் கோபம் வரும். அதைக் காட்டியும் விடுவேன். எல்லோரையும் திட்டித் திட்டித் திருப்பி அனுப்பிய நான், என் அம்மாவும் அப்படியே வந்து நிற்பாள் என்று எதிர்பார்க்கவில்லை.

எங்கள் ஊர் குடவாசலைத் தாண்டி, பஸ்ஸை விட்டு இறங்கி வாய்க்கால் கரையோடு உள்ளே போக வேண்டும். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் வேலை செய்து எங்களை வளர்த்தவர்கள். அப்பா களத்து வேலைக்குப் பெயர் போனவர். கதிர் அடிக்க, நெல் தூற்ற, வைக்கோல் போர் போட என்று அவரைத்தான் கூப்பிடுவார்கள். அறுவடை தொடங்கினால் அவருக்கு மூக்கு ஒழுக ஆரம்பிக்கும். பிறகு இருமல். அதற்கும் பிறகு நெஞ்சுக்குள்ளிருந்து விசில் போல ஒரு சத்தம். சளி உடம்பு என்று ஊரில் சொல்லிவிட்டார்கள். நாங்களும் அப்படியே நம்பினோம். நான் கல்லூரியில் சேர்ந்த வருடம், ஒரு தை மாதத்தில், களத்திலிருந்து அவரை அண்ணன் மோட்டார் சைக்கிளில் குடவாசலுக்குக் கொண்டுபோனான். பின்னால் ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார, நடுவில் அப்பா அண்ணனின் முதுகில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரி வருவதற்குக் கொஞ்ச தூரம் முன்பே அந்தச் சத்தம் நின்றுவிட்டது என்று அண்ணன் ஒரே ஒரு தடவைதான் என்னிடம் சொல்லியிருக்கிறான். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவன் பேசியதே இல்லை.

அடுத்த வருடம் அண்ணன் சிங்கப்பூர் போனான். அங்கிருந்து அவன் அனுப்பிய பணத்தில், அம்மா முன்பு நடவு நட்ட அதே வயல்களில் ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மேல், விலைக்கு வந்தபோது வாங்கினோம். விற்றவர்களின் பிள்ளைகள் சென்னையில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எந்த வரப்பு தங்களுடையது என்றுகூடத் தெரியவில்லை. அம்மாதான் நடந்து காட்டினாள். பட்டா அம்மா பெயரில் வந்தது. எங்கள் தெருவில் ஒரு பெண்ணின் பெயரில் பட்டா வந்தது அதுதான் முதல் தடவை. அம்மா ஆளை வைத்துப் பார்க்கிறேன் என்று சொல்லவில்லை. நாற்றுப் பறிப்பதிலிருந்து நெல் தூற்றுவதுவரை, வந்த ஆட்களோடு ஆளாகத் தானும் இறங்கினாள். தன் வயலில் தானே குனிவதில் அவளுக்கு இருந்த சந்தோஷத்தைப் பார்க்கும்போது எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். எனக்கு என் வேலையில் அவ்வளவு சந்தோஷம் கிடையாது.

சில வருடங்களில் அம்மாவுக்கும் தும்மல் ஆரம்பித்தது. முதலில் அறுவடையின்போது மட்டும். பிறகு வைக்கோலைத் தொட்டாலே. ஒரு தை அறுவடை முடிந்த வாரம் மூச்சு இழுத்து, குடவாசலில் ஊசி போட்டுக்கொண்டு வந்தாள். அதை அவள் எங்களிடம் சொல்லவில்லை. அடுத்த வீட்டு அக்காதான் போனில் சொன்னார். அண்ணன் அன்றைக்கே வீடியோ காலில் வந்துவிட்டான். நிலத்தைக் குத்தகைக்கு விடு, இல்லாவிட்டால் விற்றுவிடு என்றான். அம்மா முடியாது என்றாள். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசி, கடைசியில் என்னிடம் வந்து நின்றார்கள். நீதான் அதைப் பார்க்கிற ஆள், நெல்லால்தான் அம்மாவுக்கு இப்படி வருகிறதா என்று பார்த்துச் சொல், நெல்தான் என்றால் வயல் வேண்டாம் என்றான் அண்ணன். அம்மாவும் சரி, பார்க்கட்டும் என்றாள்.

ஐந்து மா நிலத்தின் தலையெழுத்து இப்படி என் மேஜைக்கு வந்தது. சளியைப் பார்த்து எது ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்ல முடியாது என்பதை இரண்டு பேருக்கும் விளக்கினேன். முதலில் ஒவ்வாமையா என்று பார்ப்போம், மற்றதைப் பிறகு பார்ப்போம் என்றேன். அண்ணன் காதில் அது ஏறவில்லை. அம்மா காதில் ஏறியதா என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

அம்மா சித்திரை மாதத்தில் வந்தாள். வயலில் வேலை இல்லாத நாளாகப் பார்த்து, கும்பகோணத்தில் பஸ் மாறி, காலையிலேயே வந்துவிட்டாள். என் கல்யாணப் பேச்சுக்காக வாங்கி வைத்திருந்த பட்டுப்புடவையைக் கட்டியிருந்தாள். தலையில் பூ. முகத்தில் பவுடர். மடித்த கைக்குட்டை. விடியற்காலையில் பம்புசெட்டில் குளித்து, மூக்குக்குள் தண்ணீர் விட்டுச் சிந்திச் சிந்திக் கழுவிவிட்டு வந்ததாகப் பெருமையாகச் சொன்னாள். காப்பிகூடக் குடித்திருக்கவில்லை.

கழுவக் கூடாது என்று போனில் சொன்னேனே என்று கேட்டேன்.

"அழுக்கு மூக்கோட டாக்டர் முன்னாடி போயி உக்காரச் சொல்றியா? என்னப் பாத்து யாரும் மூக்கப் பொத்திக்கக் கூடாதுடி" என்றாள்.

எப்போதும்போல் ஏதாவது சூடாகச் சொல்ல வாயெடுத்தேன். சின்ன வயதில் எங்களைப் பள்ளிக்கூடம் அனுப்புவதற்கு முன் அம்மா செய்வது நினைவுக்கு வந்தது. முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்து மூக்கை அழுத்தித் துடைப்பாள், தோல் எரியும். வேலை முடிந்து கூலி வாங்கப் பண்ணை வீட்டுக் கொல்லைக்குப் போகும்போது, எட்டி நில்லு என்று சொல்லக் கேட்டே வளர்ந்தவள் அவள். தாலுகா ஆபீஸ், பேங்க், ஆஸ்பத்திரி என்று எங்கே போனாலும் எங்கள் தெருவில் எல்லோரும் அப்படித்தான் கிளம்புவார்கள். குறை சொல்ல யாருக்கும் இடம் கொடுத்துவிடக் கூடாது. இத்தனை வருடம் நான் திட்டி அனுப்பியவர்களில் எத்தனை பேர் அந்தப் பயத்தோடு குளித்துவிட்டு வந்தவர்களோ தெரியாது. அதை என்னைப் பெற்றவள் வந்து சொல்லித்தான் புரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

வந்ததற்காக ஒரு ஸ்லைடு எடுத்தேன். எதிர்பார்த்ததுதான். மூக்கின் தோலிலிருந்து உதிர்ந்த சில அணுக்கள், வேறொன்றுமில்லை. இதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, தொந்தரவு இருக்கும்போது திரும்ப வரட்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா அதில் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டாள். ஒன்றுமில்லையாம், சுத்தமாக இருக்கிறதாம் என்று ஊர் போய்ச் சேருவதற்குள் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிவிட்டாள். அண்ணனுக்கும் போன் போட்டாள். அவன் என்னைக் கூப்பிட்டு உண்மையா என்று கேட்டான். கழுவிக்கொண்டு வந்த மூக்கில் என்ன தெரியும் என்றேன். அவன் சிரிப்பான் என்று நினைத்தேன். அவன் சிரிக்கவில்லை.

அன்றைக்கே அம்மாவிடமும் தெளிவாகச் சொன்னேன். அறுவடை நடக்கும்போது, களத்திலிருந்து அப்படியே, குளிக்காமல், மூக்கைத் துடைக்காமல் வர வேண்டும். அப்போதுதான் உண்மை தெரியும் என்றேன். அம்மா முட்டாள் இல்லை. அப்படி வந்தால் என்ன தெரியும், அது தெரிந்தால் நிலம் என்ன ஆகும் என்பது அவளுக்குப் புரிந்துவிட்டது. அதன் பிறகு பிடி கொடுக்கவேயில்லை. அந்த வருடம் குறுவை அறுவடையில் தும்மலே இல்லை என்றாள். அடுத்த வீட்டு அக்காவைக் கேட்டால் தெரு முழுக்கக் கேட்கிறது என்றார். நானே ஊருக்கு வந்து களத்தில் வைத்து ஸ்லைடு எடுக்கிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். நாலு பேர் பார்க்க மூக்கைக் குடையவா உன்னைப் படிக்க வைத்தேன் என்று போனை வைத்துவிட்டாள். சரிதான், இவளும் அப்பா மாதிரியே போய்விடுவாள் என்று ஆத்திரத்தோடு நினைத்தேன். நினைத்ததும் அழுகை வந்தது.

தை பிறந்து பொங்கலும் முடிந்தது. ஒருநாள் முற்பகல், கிளினிக்கில் கூட்டம் நிறைந்திருந்த நேரம். ரிசப்ஷனில் இருக்கும் பெண் மாடிக்கு வந்து, யாரோ ஒரு அம்மா உங்களைக் கேட்கிறார், வெளியே நிற்கச் சொல்லியிருக்கிறேன் என்றாள். ஏன் வெளியே என்று கேட்டதற்கு, ஒரே தூசி அக்கா என்றாள்.

இறங்கிப் போனேன். படிக்கட்டுக்குக் கீழே அம்மா நின்றிருந்தாள். வேலைக்குக் கட்டும் பழம்புடவை, அதன் மேல் அப்பாவுடைய முழுக்கைச் சட்டை. தலைமுடியிலும் புருவத்திலும் பதர் ஒட்டியிருந்தது. கழுத்தில் நெல்லின் சுணை பட்டுத் தடித்துச் சிவந்திருந்தது. கண் இரண்டும் வீங்கியிருந்தன. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, அவள் அதைத் துடைக்கவில்லை. கையில் கைக்குட்டைகூட இல்லை. குடவாசலிலிருந்து கும்பகோணம்வரை பஸ்ஸில் தன் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை என்று பின்னால் சொன்னாள். இடம் தாராளமாக இருந்தது, கால் நீட்டிக்கொண்டு வந்தேன் என்று சிரித்துக்கொண்டு சொன்னாள்.

"கழுவாம வந்துருக்கேன். பாரு" என்றாள் என்னைப் பார்த்ததும். அதைச் சொல்வதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கியது. அப்போதுதான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். அவளும் நான் கேட்டதைப் பார்த்துவிட்டாள்.

"காலைல தூத்திக்கிட்டு இருந்தேன். உங்கப்பா சத்தம் கேட்டுச்சு. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. எங்கிட்டேந்துதான் வந்துச்சு."

முறத்தைப் போட்டுவிட்டு நேராக பஸ் ஏறியிருக்கிறாள். அம்மாவை உள்ளே கூட்டிக்கொண்டு போய், நோயாளிகள் உட்காரும் நாற்காலியிலேயே உட்கார வைத்தேன். ரிசப்ஷன் பெண்ணிடம் இவர் என் அம்மா என்று சொன்னேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவள் பதறி எழுந்துவிட்டாள். பாவம், அவள் மேல் தப்பில்லை. டாக்டர் வரிசையை நிறுத்திவிட்டு முதலில் மூச்சுக்கு மருந்துப் புகை வைக்கச் சொன்னார். அம்மாவுக்கு இழுப்பு அடங்கிய பிறகு என்னை ஸ்லைடு எடுக்கச் சொன்னார்.

பெற்றவளின் மூக்குக்குள் குச்சியை விடுவது லேசாக இல்லை. அம்மா கண்ணை மூடிக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அசையாமல் இருந்தாள். சாயம் பிடிக்கக் காத்திருக்கும் நேரம் எனக்கு எப்போதும் எரிச்சலான நேரம். அன்றைக்கு அது முடியாமலே இருந்தால் நல்லது என்று இருந்தது.

மைக்ராஸ்கோப்பில் தேடவே வேண்டியிருக்கவில்லை. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் செம்மஞ்சள். ரெட்டைக் கரு, ரெட்டைக் கரு என்று வரிசையாக வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு இயோசினோஃபிலை ஒரே ஸ்லைடில் நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். டாக்டருக்குச் சொல்ல வேண்டியதை எழுதிக்கொண்டிருக்கும்போது அப்பாவை நினைத்தேன். அவர் மூக்கை யாரும் இப்படிப் பார்த்ததில்லை. ஒரு கண்ணாடித் துண்டு, கொஞ்சம் சாயம், பார்க்க ஒரு ஆள். அவ்வளவுதான் தேவைப்பட்டிருக்கும். சளி உடம்பு என்று சொல்லி முடித்துவிட்டார்கள். எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது.

ஒவ்வாமைதான் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நெல்லுன்னு அதுல தெரியுதா?"

அது இதில் தெரியாது என்றேன். அம்மா பெருமூச்சு விட்டாள்; இந்தத் தடவை சத்தமில்லாமல் வந்தது. ஆனால் தோல் பரிசோதனையும் செய்துவிடலாம் என்று டாக்டர் சொன்னபோது மறுக்கவில்லை. மருந்தின் வேகம் அடங்கிய பிறகு, சில வாரம் கழித்துத் திரும்ப வந்து முன்னங்கையை நீட்டினாள். பூனைக்கு ஒன்றும் வரவில்லை. பூக்களுக்கு ஒன்றும் வரவில்லை. வைக்கோல் தூசியைத் தொட்டுக் குத்திய இடம் மட்டும் கொசு கடித்ததுபோல் கிளம்பி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பெரிதாயிற்று. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்தாள். இனி யாரும் மறைக்க ஒன்றுமில்லை.

அண்ணன் லீவு போட்டு வந்தான். நிலத்துக்கு ஆள் பார்த்துவிட்டுத்தான் வந்தான் என்று நினைக்கிறேன். டாக்டரிடம் அவனையும் அழைத்துக்கொண்டு போனேன். தினம் மூக்கில் அடிக்க ஒரு ஸ்ப்ரே, இழுப்பு வந்தால் இழுக்க ஒரு பம்பு, இவற்றோடு அம்மா நன்றாகவே இருக்கலாம் என்றார் டாக்டர். நெல் நிலம் வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது, தூசிதான் ஆகாது. அறுக்கும்போதும் தூற்றும்போதும் கிட்டே போகக் கூடாது, காற்று வரும் பக்கமாகத் தள்ளி நிற்க வேண்டும் என்றார். அண்ணனுக்கு அது போதவில்லை. வீட்டுக்கு வந்தும் விற்றுவிடலாம் என்றே பேசினான். அம்மா பதிலுக்குக் கத்தினாள். பணம் போட்டவன் நீ, விற்றுக்கொள் என்றாள். அதற்கு அவன் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை.

"எனக்கு நெலம் வேணாம்மா, பணமும் வேணாம். அப்பா சத்தம் நின்னது எம் முதுகுலதான் நின்னுச்சு. இன்னொரு தடவ என்னால முடியாது."

அம்மா அதன் பிறகு கத்தவில்லை. சாப்பாடு போட்டாள். அவன் சாப்பிட்டு முடித்ததும், அறுவடையில் இறங்க மாட்டேன், வரப்பிலேயே நிற்கிறேன், நிலத்தை மட்டும் விற்க வேண்டாம் என்று கேட்டாள். அவன் சரி என்றான். அறுவடைக்கு நானே வந்து பார்ப்பேன் என்றும் சொன்னான்.

வாக்குக் கொடுத்துவிட்டாளே தவிர, அது அவளுக்குத் தொண்டையில் முள்ளாக இருந்தது. அம்மா கூலிக்குக் குனிந்த காலத்தில் வரப்பில் நின்றவர்களை அவள் மறக்கவில்லை. குடை பிடித்துக்கொண்டு, மேல்துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, கீழே இறங்காமல் ஒரு நாள் முழுக்க நிற்பார்களாம். அவர்கள் மாதிரி வரப்பில் நின்று வேலை வாங்கவா நிலம் வாங்கினேன் என்று என்னிடம் போனில் பல தடவை புலம்பினாள். ஸ்ப்ரேயை ஒழுங்காக அடித்தாள். நாற்று, நடவு, களை என்று மற்ற எல்லாவற்றுக்கும் சேற்றில் இறங்கினாள். தூசி இல்லாத வேலைக்கு டாக்டர் ஒன்றும் சொல்லவில்லையே என்று என்னிடமே வக்கீல் மாதிரி வாதாடினாள்.

அந்த வருடம் தண்ணீர் ஒழுங்காக வந்தது. புரட்டாசியில் குறுவை அறுப்புக்கு மெஷினுக்குச் சொல்லியிருந்தோம்; அண்ணன் சொன்னபடி வந்து சேர்ந்தான். நானும் போனேன். மெஷினால் திரும்ப முடியாத மூலைகளைக் கையால் அறுக்க எங்கள் தெருப் பெண்கள் வந்திருந்தார்கள். மேற்கிலிருந்து காற்று அடித்தது. அண்ணன் மேற்கு வரப்பில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு அம்மாவை உட்காரச் சொன்னான். கொரோனா காலத்து மாஸ்க்கைக் கட்டிக்கொண்டு அம்மா நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள், உட்காரவில்லை. கீழே இருந்த பெண்கள் விடுவார்களா? பண்ணையாரம்மா குடை எங்கே என்று ஒருத்தி கேட்டாள். எங்களை அதட்டாமல் நின்றால் எப்படி வேலை ஓடும் என்றாள் இன்னொருத்தி. அம்மா மாஸ்க்குக்குள் ஏதோ சொன்னாள். சிரித்தாளா அழுதாளா என்று தெரியவில்லை.

மெஷின் இறங்கியது. அதன் பின்னால் தூசி மஞ்சளாக எழுந்து கிழக்கே போயிற்று. கிழக்கு மூலையில்தான் அந்தப் பெண்கள் குனிந்திருந்தார்கள். மெஷின் அவர்கள் பக்கம் நெருங்கியபோது கொஞ்ச நேரம் அவர்கள் தெரியவே இல்லை. தும்மல் சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தி முந்தானையால் முகத்தைச் சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தாள்.

அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். திடீரென்று தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, டிரைவரைப் பார்த்து ஆட்டிக் காட்டினாள். அவர் என்னவோ ஏதோ என்று மெஷினை நிறுத்தினார். அம்மா மாஸ்க்கை இறக்கிவிட்டு, பெண்களை எல்லாம் மேற்கு வரப்புக்கு வரச் சொன்னாள். வண்டி அந்தப் பக்கத்தை முடிக்கட்டும், மூலையைப் பிறகு அறுக்கலாம் என்றாள். மணிக்கணக்கில் வாடகை ஓடுகிறது என்று டிரைவர் ஞாபகப்படுத்தினார். அண்ணன் என்னைப் பார்த்தான். ஓடட்டும் என்றாள் அம்மா.

பெண்கள் ஏறி வந்தார்கள். அவர்களில் மூத்தவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மற்றவர்கள் வரப்பில் வரிசையாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார்கள். மெஷின் திரும்ப ஓடியது. தூசி எழுந்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கிழக்கே போனது. எங்கள் பக்கம் காற்று சுத்தமாக இருந்தது; ஈர மண் வாசனைகூட வந்தது. அம்மா மூக்கால் ஒரு தடவை நன்றாக மூச்சை இழுத்துப் பார்த்தாள். அண்ணன் அவளுக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமும் நின்றிருந்தோம்.

"இங்க ஒண்ணுமே வரல" என்றாள். பிறகு யாரையும் பார்க்காமல் சொன்னாள்:

"ஒரு நாளாச்சும் உங்கப்பாவ இந்தப் பக்கம் வந்து நில்லுன்னு கூப்புட்டிருக்கலாம்."